கட்டிய நாளமும் கட்டுக்கடங்காத குருதியும்

1785ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். இலண்டனில் ஹைட் பார்க் முனையில் அப்போது இயங்கிவந்த செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில் 45 வயதுக் குதிரைவண்டியோட்டி ஒருவர் அறுவைக்குக் காத்திருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் அவருடைய முழங்காலின் பின்குழியில் ஒரு புடைப்பு தோன்றியது. சிறிது சிறிதாக வளர்ந்து, தொடையின் பின்தசைகளை இருபுறமும் தள்ளிக்கொண்டு, இப்போது அந்தக் குழி முழுவதையும் அடைத்துக்கொண்டு நின்றது. கைவைத்துப் பார்த்தால் அது நெஞ்சோடு ஒத்துத் துடித்தது. கால் வீங்கி, நிறம் மாறியிருந்தது. மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்குள் நுழைய இன்னும் அறுபது ஆண்டுகள் இருந்தன. அந்த மனிதரின் பெயர் மருத்துவக் குறிப்பில் இல்லை. தொழில் மட்டுமே இருக்கிறது.

கத்தியைக் கையில் எடுத்தவரின் பெயரோ இன்றுவரை நிலைத்திருக்கிறது. ஜான் ஹண்டர், ஸ்காட்லாந்தில் 1728இல் பிறந்தவர். முறையான பல்கலைக்கழகப் படிப்பு இல்லாமல், அண்ணன் வில்லியமின் உடற்கூறியல் கூடத்தில் பிணங்களை அறுத்தறுத்துக் கற்றவர். அன்று அவர் செய்த காரியம் அறுவை மருத்துவ வரலாற்றில் ஒரு திருப்புமுனை என்பதைப் பாடநூல்கள் எல்லாம் சொல்கின்றன. அவை அவ்வளவாகச் சொல்லாத ஒன்று உண்டு. எந்த உண்மையை நம்பி ஹண்டர் அந்தக் காலைக் காப்பாற்றினாரோ, அதே உண்மைதான் பின்வந்த அறுவையாளர்களை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகத் தொடர்ந்து வந்து தொல்லை கொடுத்தது. இக்கட்டுரை அந்த முரணைப் பற்றியது.

*

நோயை முதலில் புரிந்துகொள்வோம். இதயத்திலிருந்து குருதியைக் கொண்டுசெல்லும் நாளம் தமனி. அதன் சுவர் ஓரிடத்தில் நலிந்துபோனால், உள்ளே ஓடும் குருதியின் அழுத்தத்தில் அவ்விடம் மெல்ல மெல்ல விரிந்து பைபோல் புடைக்கும். மருத்துவர்கள் இதை அனியூரிசம் என்பார்கள். தமிழில் தமனிப் புடைப்பு எனலாம். கால் தமனிகளில் இது மிகுதியாக வருமிடம் முழங்காலின் பின்குழி. அங்கே தமனியின் இயல்பான அகலம் ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இன்று அது இரண்டு சென்டிமீட்டரைத் தாண்டினால் அறுவையைப் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நோய் வண்டியோட்டிகளிடமும் குதிரை வீரர்களிடமும் அதிகம் காணப்பட்டதாகப் பதிவுகள் கூறுகின்றன. முழங்கால் மடிந்தபடியே நாள் முழுதும் அமர்ந்திருப்பதும், உயரமான தோல் காலணியின் விளிம்பு பின்குழியில் அழுத்துவதும் காரணம் என்று அன்றைய மருத்துவர்கள் கருதினர். மேகநோய்க்கும் இதில் பங்கிருப்பதாகப் பின்னர் அறியப்பட்டது. இன்று இந்நோய் பெரும்பாலும் முதிய ஆண்களுக்கு, குறிப்பாகப் புகைபிடிக்கும் பழக்கமுள்ளவர்களுக்கு, தமனிச் சுவரின் தேய்மானத்தால் வருகிறது.

அன்றைய அச்சம், புடைப்பு வெடித்துவிடும் என்பது. இன்றைய அச்சம் வேறு. புடைத்த பையினுள் குருதி சுழன்று தேங்கி உறையும். அந்த உறைகட்டியிலிருந்து துணுக்குகள் பிரிந்து கீழே போய்ப் பாதத்தின் சிறு நாளங்களை ஒவ்வொன்றாக அடைக்கும். அல்லது ஒரு நாள் பை முழுவதும் உறைந்து, கால் சில மணி நேரத்தில் சில்லிட்டுப் போகும். வெடிப்பதைவிட இதுவே மிகுதியாக நடக்கிறது. காலை இழக்கச் செய்வதும் பெரும்பாலும் இதுதான்.

*

ஹண்டரின் முன் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று மிகப் பழையது. உரோமப் பேரரசின் காலத்தில் வாழ்ந்த அன்டில்லஸ் என்னும் கிரேக்க மருத்துவர் வகுத்த முறை அது. அவருடைய நூல் அழிந்துவிட்டது. ஒரிபாசியஸ் என்ற பிற்கால மருத்துவர் தொகுத்துவைத்த பகுதிகளின் வழியாகவே அவரை அறிகிறோம். புடைப்புக்கு மேலே ஒரு கட்டு, கீழே ஒரு கட்டு, பிறகு பையைத் திறந்து உள்ளிருக்கும் உறைகட்டியை வெளியே எடுத்துப் புண்ணை நிரப்புதல் என்பது அவர் முறை. தருக்கத்தில் குறையில்லை. ஆனால் முழங்காலின் பின்குழியில், நோயுற்ற தமனியின் அருகிலேயே கட்டினால் கட்டிய இடம் சில நாளில் அறுந்து குருதி பீறிடும். பெரும்பாலான நோயாளிகள் இறந்தார்கள்.

இரண்டாவது வழி, காலைத் தொடையிலேயே துண்டித்துவிடுவது. அக்காலத்தில் இலண்டனின் புகழ்பெற்ற அறுவையாளராக இருந்த பெர்சிவல் பாட், பின்குழிப் புடைப்புக்கு இதைவிட நம்பத்தக்க வழி இல்லை என்றே எண்ணினார். காலை இழந்தால் உயிராவது மிஞ்சும் என்பது கணக்கு. ஒரு வண்டியோட்டிக்குக் கால் போனபின் மிஞ்சும் உயிர் எத்தகையது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

மூன்றாவது வழிக்கான தடயங்களும் இருந்தன. 1710இல் தோமினிக் அனேல் என்ற பிரெஞ்சு அறுவையாளர், குருதி வடிக்கும்போது தமனியில் கத்தி பட்டதால் முழங்கையில் உண்டான ஒரு புடைப்பைத் திறக்காமலே, அதற்குச் சற்று மேலே தமனியைக் கட்டிக் குணமாக்கினார். 1785ஆம் ஆண்டிலேயே, ஹண்டருக்குச் சில மாதங்கள் முன்பு, பாரிசில் தெசோ முழங்காலின் பின்குழியில் இதே முறையைக் கையாண்டார். ஆனால் இருவருமே கட்டியது புடைப்பை ஒட்டிய இடத்தில்.

ஹண்டர் கேட்ட கேள்வி எளிமையானது. நோய் புடைப்போடு நின்றுவிடுவதில்லை. அதை ஒட்டிய தமனியும் நலிந்தே இருக்கிறது. அப்படியானால் நலிந்த இடத்தில் ஏன் கட்ட வேண்டும்? தள்ளிப்போய், நலமாக இருக்கும் இடத்தில் கட்டினால் என்ன? அவர் தேர்ந்தது தொடையின் நடுவிற்குச் சற்றுக் கீழே, உட்புறம். அங்கே தமனி தசைகளுக்கிடையில் ஒரு சிறு சுரங்கத்தினுள் ஓடுகிறது. அந்தச் சுரங்கத்துக்கு இன்று ஹண்டர் கால்வாய் என்றே பெயர்.

இதற்கு எதிராக எவரும் எழுப்பக்கூடிய மறுப்பு ஒன்றுண்டு. தொடையிலேயே தமனியை அடைத்துவிட்டால் அதற்குக் கீழே கால் எப்படிப் பிழைக்கும்? வயலுக்குப் போகும் வாய்க்காலைத் தலைமடையிலேயே அடைத்தால் பயிர் காயாதா? ஹண்டரின் நம்பிக்கை பக்கக் கிளைகளில் இருந்தது. பெருவழி அடைபட்டால், தொடையின் ஆழ்தமனியிலிருந்தும் முழங்காலைச் சுற்றிப் பின்னியிருக்கும் சிறு தமனிகளிலிருந்தும் குருதி தனக்கொரு பாதையைக் கண்டுகொள்ளும். அந்தச் சிறு கிளைகள் நாளடைவில் தடிக்கும்.

இந்த எண்ணம் அவருக்கு எப்படி உதித்தது என்பதற்கு ஓர் அழகான கதை சொல்வார்கள். ரிச்மண்ட் பூங்காவில் ஒரு கலைமானின் கழுத்துத் தமனியை ஹண்டர் கட்டினாராம். வளர்ந்துகொண்டிருந்த கொம்பு சில்லிட்டுப் போனது. சில நாள் கழித்துப் பார்த்தால் கொம்பு மீண்டும் வெதுவெதுப்பாக இருந்ததாம். இக்கதை ஹண்டர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பிறகே எழுத்தில் வந்தது என்பதால் வரலாற்றாசிரியர்கள் இதை ஐயத்தோடே பார்க்கிறார்கள். மானின் கதை உண்மையோ இல்லையோ, வண்டியோட்டியின் கதை உண்மை.

ஹண்டர் தமனியில் நான்கு நூற்கட்டுகளைப் போட்டார். எதையும் இறுக்கி நெரிக்கவில்லை. சுவர் அறுந்துவிடாமல் அழுத்தம் பரவட்டும் என்று மிதமாகவே கட்டினார். புடைப்பைத் தொடவே இல்லை. பாயும் குருதியின் வேகம் தணிந்தால் பைக்குள் இருப்பது உறையும், உறைந்ததை உடலே மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் என்பது அவர் கணிப்பு. கால் சில்லிடவில்லை. புடைப்பு சுருங்கத் தொடங்கியது. 1786 ஜனவரி முடிவதற்குள் அந்த மனிதர் இரண்டு கால்களோடும் வீடு திரும்பினார். ஹண்டரின் மைத்துனரும் மாணவருமான எவரார்ட் ஹோம் இச்செய்தியை அதே ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார்.

*

பெரும்பாலான பாடநூல்கள் இங்கே கதையை நிறுத்திவிடுகின்றன. நமக்குத் தேவையான கதை இங்கேதான் தொடங்குகிறது.

வீட்டுக்குப் போன வண்டியோட்டி திரும்ப வந்தார். தொடையில் சீழ்க்கட்டிகள் தோன்றின. உள்ளே தங்கிவிட்ட நூல் துணுக்குகள் சீழோடு வெளிவந்தன. பல மாதங்கள் கழித்தே புண் முழுதும் ஆறியது. பிறகு அவர் தம் தொழிலுக்குத் திரும்பினார். 1787இல், அறுவைக்கு ஏறத்தாழ பதினைந்து மாதங்களுக்குப் பின், காலோடு தொடர்பில்லாத ஒரு காய்ச்சலில் இறந்துபோனார்.

ஹண்டர் அவரை மறந்திருக்கவில்லை. பெருமுயற்சி செய்து இசைவு பெற்று அந்தக் காலை அறுத்துப் பார்த்தார். கட்டிய இடத்தில் தமனி மூடியிருந்தது. பின்குழியை அடைத்துக்கொண்டிருந்த புடைப்பு கோழிமுட்டையைவிடச் சற்றே பெரியதாகச் சுருங்கி, உள்ளே கெட்டியாக உறைந்திருந்தது. காலின் மற்றப் பகுதிகள் நலமாக இருந்தன. தன் கணிப்பு சரிதான் என்று ஹண்டர் உறுதியாக அறிந்தது அன்றுதான். அறுவை முடிந்த நாளிலோ, நோயாளி வீடு சென்ற நாளிலோ அன்று. ஒரு சிகிச்சை பலித்ததா என்பதைப் பல மாதங்கள் கழித்துத் திரும்பிப் பார்த்தே சொல்ல முடியும் என்ற வழக்கத்துக்கு இதை ஒரு தொடக்கம் எனலாம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டு முழுவதும் ஐரோப்பாவில் ஹண்டரின் கட்டு கோலோச்சியது. குறைகளும் கூடவே தெரியவந்தன. சிலருக்குக் கிளைவழிகள் போதவில்லை, பாதம் அழுகியது. சிலருக்குக் கட்டிய இடம் சீழ்பிடித்து இரண்டாம் வாரத்தில் குருதி பீறிட்டது. 1867இல் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக்கொண்டு கிருமிகளை விலக்கும் முறையை அறிவித்த பிறகே இந்த ஆபத்து குறைந்தது. டப்ளின் மருத்துவர்கள் 1840களில் கத்தியே வேண்டாமென்று, தொடைத் தமனியை மணிக்கணக்கில் வெளியிலிருந்து அழுத்திப் பிடிக்கும் முறையைப் பரப்பினார்கள். இவை எல்லாவற்றுக்கும் நடுவில், சில நோயாளிகளிடம் விளக்கமுடியாத ஒன்று நிகழ்ந்தது. கட்டு உறுதியாகவே இருக்கும். ஆனால் சுருங்கிய புடைப்பு மீண்டும் துடிக்கத் தொடங்கும்.

*

இந்தத் துடிப்பின் பொருளை ஒருவர் தன் கண்ணாலேயே கண்டார். 1888ஆம் ஆண்டு, அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரம், சாரிட்டி மருத்துவமனை. தோட்டத் தொழிலாளியான ஓர் இளைஞருக்குத் துப்பாக்கிக் காயத்தால் மேற்கைத் தமனியில் புடைப்பு. ருடால்ஃப் மாட்டாஸ் என்ற இளம் மருத்துவர் ஹண்டரின் வழியில் மேலே கட்டினார். துடிப்பு நின்றது, சில நாளில் திரும்பியது. கீழேயும் கட்டினார். துடிப்பு நிற்கவில்லை. வேறு வழியின்றிப் பையைத் திறந்தார். பையின் உட்சுவரில் பக்கக் கிளைகளின் வாய்கள் திறந்திருந்தன. குருதி அவற்றின் வழியே வந்துகொண்டிருந்தது. மாட்டாஸ் அந்த வாய்களை உள்ளிருந்தே ஒவ்வொன்றாகத் தைத்து மூடினார். துடிப்பு அடங்கியது. கை பிழைத்தது.

காலையோ கையையோ காப்பாற்றும் அதே கிளைகள்தான் மூடிய பைக்கும் உணவூட்டுகின்றன என்பது இங்கே வெட்டவெளிச்சமாயிற்று. குருதிக்கு நன்றியும் இல்லை, பகையும் இல்லை. பள்ளம் எங்கிருந்தாலும் நீர்போல அங்கே போகிறது. மேல்மடையையும் கீழ்மடையையும் அடைத்துவிட்டால் குளம் வற்றிவிடும் என்று நினைத்தவர்கள், குளத்தின் அடியிலேயே இருக்கும் ஊற்றுக்கண்களை மறந்துவிட்டார்கள். அன்டில்லஸ் பையைத் திறந்ததன் பயன், மாட்டாசின் கையில் வேறொரு விதத்தில் மீண்டது.

*

இருபதாம் நூற்றாண்டு, கட்டுவதிலிருந்து இணைப்பதற்கு நகர்ந்தது. 1894இல் பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் சாடி கார்னோ லியோன் நகரில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அறுந்த பெருநாளத்தைத் தைக்கத் தெரிந்த எவரும் அன்று இல்லை. அந்நகரில் மருத்துவம் பயின்றுகொண்டிருந்த அலெக்சி கார்ரெல் என்ற இளைஞரை இச்சம்பவம் உறுத்தியது. பூவேலை செய்யும் பெண்மணியிடம் நுண்ணிய ஊசியைக் கையாளக் கற்றுக்கொண்ட அவர், நாளத்தோடு நாளத்தைத் தைத்து இணைக்கும் முறையை 1902இல் வெளியிட்டார். 1912இல் நோபல் பரிசு பெற்றார்.

1906இல் மத்ரித் நகரில் ஹோசே கோயானெஸ், முழங்காலின் பின்குழிப் புடைப்புள்ள ஒருவருக்கு, தமனிக்கு அருகிலேயே ஓடும் சிரையைப் பயன்படுத்திக் குருதிக்குப் பாதை அமைத்தார். 1913இல் கிளாஸ்கோவின் ஹோகார்த் பிரிங்கிள் காலின் மேலோட்டமான நீள்சிரையை எடுத்துப் புடைப்பிருந்த இடத்தில் வைத்துத் தைத்ததை அறிவித்தார். இவை காலத்தை முந்தியவை. குருதி உறையாமல் காக்கும் ஹெப்பாரின் மருந்து பயன்பாட்டுக்கு வந்து, 1948இல் பாரிசில் ழான் குன்லின் அடைபட்ட கால் தமனியைச் சிரையால் தாண்டிச்செல்லும் நீண்ட பைபாஸைச் செய்துகாட்டிய பிறகே இவ்வழி எல்லோர்க்கும் உரியதாயிற்று.

1969இல் ஸ்டெர்லிங் எட்வர்ட்ஸ் என்ற அமெரிக்க அறுவையாளர் இரண்டையும் சேர்த்தார். முழங்காலின் உட்புறமாகத் திறந்து, புடைப்புக்கு மேலும் கீழும் தமனியைக் கட்டிவிட்டு, சிரையால் ஒரு மாற்றுவழி போடுவது. நரம்புகளும் சிரைகளும் நெருங்கிக் கிடக்கும் பின்குழியில் கைவைக்க வேண்டியதில்லை. மாற்றுவழிக்கான சிரையும் அதே உட்புறத்திலேயே கிடைக்கும். கால் கிளைவழிகளின் தயவை எதிர்பார்க்க வேண்டியதில்லை. அதற்குப் புதிய பெருவழி கிடைத்துவிட்டது. பை உள்ளே அப்படியே கிடக்கட்டும், உறைந்து சுருங்கிவிடும் என்று விட்டுவிட்டார்கள். நேர்த்தியான இந்த முறை விரைவில் பரவியது.

மாட்டாஸ் கண்ட உண்மை ஏட்டில் இருந்தது, கையில் இல்லை.

*

1990களிலிருந்து செய்திகள் வரத் தொடங்கின. பல ஆண்டுகளுக்கு முன் அறுவை செய்துகொண்டு, குணமாகிவிட்டதாக எண்ணி வாழ்ந்துவந்த முதியவர்கள் முழங்காலின் பின்னே வலி என்று வந்தார்கள். சிலருக்குக் கால் வீங்கியது. வளர்ந்த பை பக்கத்துச் சிரையை நெரித்தது. சிலருக்கு நரம்பு அழுந்திப் பாதம் மரத்தது. மிகச் சிலருக்கு, கட்டப்பட்ட அந்தப் பை வெடிக்கவும் செய்தது. மாற்றுவழியோ நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கேன் செய்து பார்த்தபோது, செத்துவிட்டதென்று கருதப்பட்ட பைக்குள் குருதி ஓடுவது தெரிந்தது. முழங்காலைச் சுற்றியிருக்கும் சிறு தமனிகள் அதற்குள் திறந்திருந்தன.

இது அரிதான விபத்தன்று என்பதைச் சுவீடன் நாட்டு மருத்துவர்கள் காட்டினார்கள். தங்கள் நாட்டுப் பதிவேட்டிலிருந்து 717 கால்களின் வரலாற்றைத் திரட்டி 2007இல் வெளியிட்ட ஆய்வில், பல ஆண்டுகள் கழித்து மறுபடி அழைத்துப் பரிசோதித்தவர்களுள், உட்புறமாக அறுவை செய்யப்பட்ட கால்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கில் பை வளர்ந்திருந்தது. பின்புறமாகத் திறந்து பையைக் கீறி, உட்சுவரின் வாய்களைத் தைத்து, நடுவில் சிரைத்துண்டை வைத்து இணைத்த கால்களில் இது நூற்றுக்கு எட்டு அளவில்தான் இருந்தது. அத்தகைய கால்கள் எண்ணிக்கையில் குறைவே என்றாலும் வேற்றுமை கண்ணுக்குத் தெரிவது. புடைப்பு தொடைக்குள் நீண்டிருந்தால் பின்வழி எட்டாது. அதனால் இன்று உட்புறமாகச் செல்பவர்களிலும் பலர் பையைத் திறந்து கிளைகளை மூட முயல்கிறார்கள். அல்லது பையை ஒட்டி, இடையில் கிளை எதுவும் எஞ்சாதபடி நெருக்கமாகக் கட்டுகிறார்கள்.

வேறு தாமதத் தொல்லைகளும் உண்டு. தமனியின் வேலையைச் செய்யும்படி வைக்கப்பட்ட சிரை முதலிரண்டு ஆண்டுகளில் உள்ளே தடித்துக் குறுகலாம். பல ஆண்டுகள் கழித்து அதுவே புடைக்கவும் செய்யலாம். இந்நோய் ஒரு காலோடு நிற்பதும் இல்லை. ஏறத்தாழ பாதிப் பேருக்கு மறுகாலிலும், மூவரில் ஒருவருக்கு மேல் வயிற்றின் பெருந்தமனியிலும் புடைப்பு இருக்கிறது. ஒரு முழங்காலில் இதைக் கண்டால் வயிற்றையும் மறுகாலையும் பார்த்துவிட வேண்டும் என்பது விதி.

1994இல் முழங்காலுக்குள் துணி போர்த்திய ஸ்டெண்டைத் தொடை வழியாகச் செலுத்தும் முறை அறிமுகமானது. பெரிய வெட்டில்லை, மருத்துவமனை வாசமும் குறைவு. ஆனால் முழங்கால் நாளெல்லாம் மடங்கி நிமிரும் உறுப்பு. ஸ்டெண்ட் மடியலாம், முறியலாம், உறைந்து அடைபடலாம். கூடவே பழைய தோழனும் வந்துவிட்டான். ஸ்டெண்டுக்கு வெளியே, பைக்குள், பக்கக் கிளைகளின் வழியே குருதி கசிவது. இதற்கு இரண்டாம் வகைக் கசிவு என்று புதிய பெயர் சூட்டியிருக்கிறார்கள். பெயர்தான் புதிது, மாட்டாஸ் 1888இல் ஊசியால் தைத்து மூடியவை இந்த வாய்களைத்தான்.

*

ஹண்டர் தவறவில்லை என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். காலைத் துண்டிப்பதா, சாவதா என்றிருந்த இடத்தில் அவர் மூன்றாவது வழியைத் திறந்தார். அவருடைய நோயாளிகளில் ஒருவர் அறுவைக்குப் பின் ஐம்பதாண்டுகள் வாழ்ந்தார் என்பது அவ்வழியின் வலிமைக்குச் சான்று. தவறு, ஓர் உண்மையின் பாதியை மட்டும் கற்றுக்கொண்டவர்களுடையது. கிளைவழிகள் காலைக் காக்கும் என்பதை நினைவில் வைத்தவர்கள், அவை பையையும் காக்கும் என்பதை மறந்தார்கள்.

மறந்ததற்கு ஒரு காரணம் உண்டு. அறுவையின் வெற்றி அறுவைக்கூடத்திலேயே தெரிந்துவிடுவதாக நாம் நினைக்கிறோம். நோயாளி நடந்து வீட்டுக்குப் போகிறார். மருத்துவர் அடுத்தவரைப் பார்க்கிறார். ஏட்டில் குணம் என்று எழுதப்படுகிறது. பையோ அவசரப்படுவதில்லை. ஐந்தாண்டு, பத்தாண்டு காத்திருக்கிறது. அதைக் காண வேண்டுமானால் வீட்டுக்குப் போனவரைத் திரும்ப அழைத்துப் பார்க்க வேண்டும். சுவீடன்காரர்கள் செய்தது அதைத்தான். நம்மூரிலும் இத்தகைய அறுவை செய்துகொண்டவர்கள் இருக்கிறார்கள். வலி இல்லையே என்று மறுபரிசோதனைக்குப் போகாமல் இருப்பவர்களும் அவர்களில் உண்டு. ஆண்டுக்கொருமுறை செய்யும் ஓர் எளிய ஸ்கேன், கட்டுக்குப் பின்னால் நடப்பதைக் காட்டிவிடும்.

ஹண்டர் 1793 அக்டோபர் 16ஆம் நாள், அதே செயின்ட் ஜார்ஜ் மருத்துவமனையில், ஒரு நிர்வாகக் கூட்டத்தின் வாக்குவாதத்துக்கிடையே மாரடைத்து இறந்தார். அவர் விட்டுச்சென்றவற்றுள் தொடையில் போட்ட அந்த நான்கு கட்டுகளைவிட, பதினைந்து மாதம் கழித்து ஓர் ஏழை வண்டியோட்டியின் காலைத் தேடிப்போன அந்த நடையே பெரிது என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிவிட்டோம் என்பதோடு நிற்காமல், பிறகு என்ன ஆயிற்று என்று கேட்டவர் அவர்.